பிரதமராக வரப் பிரெஞ்சுப் பரீட்சை பாஸாக வேணுமோ? – கனடாத் தேர்தல் 2025

கத்தரிவெயில் (சென்னை) – 17 ஏப்ரல் 2025

வணக்கம் மக்களே. கனடா கட்சித் தலைவர்களோட பிரெஞ்சு விவாதத்தை விடியக்காலை மூன்றரை மணிக்கு எழுந்து யூடியூப்ல பார்த்தேன். கனடா பி.ஆர்.க்கு (நிரந்தரமா அங்க குடியேற) விண்ணப்பம் போட்டுட்டு உட்கார்ந்திருக்கேன், அதனால அந்த ஊர் அரசியல்ல ஒரு கண்ணு.

முதல்ல சிரிப்பு வந்தது ஒரு விஷயத்துக்கு. பிரதமர் யாருன்னு முடிவு பண்ற விவாதம் ராத்திரி 8 மணிக்குன்னு இருந்தது. அன்னைக்கு மான்ட்ரியால் டீமுக்கு ஹாக்கி மேட்ச்னு சாயங்காலம் 6 மணிக்கு நகர்த்திட்டாங்க! நம்ம ஊர்ல ஐ.பி.எல். ஃபைனலுக்காகக்கூட இப்படி யாரும் இறங்கி வரமாட்டாங்க.

அடுத்தது கேள்வி. மறுநாள் பேப்பர்ல பாதி அலசல், யார் என்ன கொள்கை சொன்னாங்கன்னு இல்ல, லிபரல் கட்சிப் பிரதமர் மார்க் கார்னியோட பிரெஞ்சு எப்படி இருந்ததுன்னுதான். வார்த்தை தேடினாரா, திக்கினாரா, போன மாசத்தைவிடத் தேவலையான்னு மார்க் போடறாங்க. நாட்டுல முக்கால்வாசிப் பேருக்கு மேல தாய்மொழியா இல்லாத மொழி. எதுக்கு இவ்வளவு பாடு? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஸ்காபரோ சிவா (ரொறன்ரோ) – 17 ஏப்ரல் 2025

தம்பி, ஒரு சொல்லில சொல்றன்: நாடகம்.

பிரெஞ்சு பேசுற கியூபெக் மாகாணத்தை விட்டு வெளியில வந்தால் பத்துப் பேரில ஒராளுக்குக்கூட இரண்டு மொழியும் வராது. 2021 குடிசன மதிப்பீட்டில 9.5 வீதம்தான். ரொறன்ரோவில 27 வருசமா இருக்கிறன். எனக்கும் பிரெஞ்சுக்கும் உள்ள தொடர்பு பால் பெட்டியில எழுதிக் கிடக்கிறதும், விமானத்தில பெல்ட் கட்டச் சொல்றதும்தான்.

அதுக்கு முதல் கியூபெக்கின்ர மொன்றியலில இருந்தனான், 1989 தொடக்கம் 1998 வரை, கோட்-டே-நேஜ் பக்கம். மூத்தவனைப் பள்ளிக்கூடத்தில சேர்க்கப் போனால் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குத் தகுதிப் பத்திரம் கேட்டினம். தாயோ தகப்பனோ கனடாவில ஆரம்பப் படிப்பை இங்கிலீஷில படிச்சிருக்க வேணுமாம். நான் படிச்சது சாவகச்சேரியில. அந்த மனுசி என்னைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சிட்டுப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்கு வழி காட்டினது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. சுதந்திர நாடு எண்டு ஓடி வந்தனாங்கள், பிள்ளை எந்த மொழியில படிக்கிறது எண்டு தீர்மானிக்கிற சுதந்திரம் தகப்பனுக்கு இல்லை.

ஒட்டாவா குமாஸ்தா – 18 ஏப்ரல் 2025

கத்தரிவெயில், உணர்ச்சியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக் கணக்கைப் பாருங்கள்.

இந்தத் தேர்தலில் மொத்தம் 343 இடங்கள். கியூபெக்கில் மட்டும் 78. பெரும்பான்மைக்கு 172 வேண்டும். அந்த 78-ஐ விட்டுவிட்டு ஆட்சிக்கு வரவே முடியாதா என்றால் முடியும். 2011-இல் பழமைவாதக் கட்சித் தலைவர் ஹார்ப்பர் அங்கே வெறும் 5 இடத்தோடு பெரும்பான்மை எடுத்தார். ஆனால் அதே ஹார்ப்பர்தான் எந்த மேடையிலும் முதல் வாக்கியத்தைப் பிரெஞ்சில் ஆரம்பித்தவர், அதுவும் கால்கரியிலிருந்து வந்து. வாக்குக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். 1969-இல் பியேர் ட்ரூடோ கொண்டுவந்த ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பிறகு மத்திய அரசின் தலைவர் இரண்டு மொழியிலும் பதில் சொல்வார் என்பது எழுதாத விதி.

இரண்டாவது, ப்ளாக் கெபெக்வா. மற்ற நாட்டில் இப்படி ஒரு கட்சியைப் பார்ப்பது அபூர்வம். கியூபெக்கைத் தவிர எங்கும் போட்டியிடாது. ஆட்சிக்கு வரும் ஆசையே கிடையாது. 1990-இல் கியூபெக்குக்குத் தனி அடையாளம் தர இருந்த மீச் லேக் ஒப்பந்தம் கவிழ்ந்த கோபத்தில் லூசியன் புஷார் தொடங்கியது. 1993-இல் முதல் பொதுத்தேர்தல். நாடு முழுவதும் எண்ணினால் 13.5 சதவீத வாக்கு, ஆனால் 54 இடம், எதிர்க்கட்சி அந்தஸ்து. அதே தேர்தலில் ஆளுங்கட்சியாக இருந்த முற்போக்குப் பழமைவாதிகள் 16 சதவீதம் வாங்கி 2 இடம்! வாக்கு ஒரே இடத்தில் குவிந்தால் பலம், பரவினால் பூஜ்யம். நாட்டைப் பிரிக்க வேண்டும் என்ற கட்சி, 'மாட்சிமை தங்கிய மன்னரின் விசுவாசமான எதிர்க்கட்சி' என்ற பட்டத்தோடு (அப்போது அரசி) உட்கார்ந்திருந்தது. எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

ஆக, கார்னி திக்கினால் லாபம் யாருக்கு? ப்ளாக் தலைவர் பிளான்ஷேவுக்கு. அதனால்தான் மார்க் போடுகிறார்கள்.

கார்னியும் சும்மா இல்லை. மார்ச்சில் தன் கட்சி வேட்பாளர் நத்தாலி ப்ரோவோவின் பெயரையே மாற்றிச் சொன்னார். 1989-இல் 14 பெண்கள் கொல்லப்பட்ட மொன்றியல் பாலிடெக்னிக் துப்பாக்கிச்சூட்டில் உயிர் தப்பியவர் அவர். அந்தச் சம்பவத்தை வேறொரு பல்கலைக்கழகமான கன்கோர்டியாவில் நடந்ததாகவும் சொல்லிவிட்டார். கியூபெக்கில் ஒவ்வொரு டிசம்பர் 6-ம் தேதியும் அழுகிற விஷயம் அது. இதை இலக்கணப் பிழை என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, 'இவருக்கு எங்கள் வீட்டு இழவே தெரியாது' என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

வேலணையான் (மொன்றியல்) – 18 ஏப்ரல் 2025

சிவா சொல்றதில பொய் இல்லை. ஆனால் பாதிக் கதை.

நான் வந்தது 1986 கடைசியில. அந்த ஆவணியில 155 தமிழரை நியூஃபவுண்லாந்துக் கடலில உயிர்காப்புப் படகுகளில இருந்து தூக்கினவை எல்லோ, அதுக்குக் கொஞ்சம் பிந்தி. மொன்றியலில என்னைக் 'கோஃபி'யில போட்டினம். வந்தேறு குடிகளுக்கு மாகாண அரசாங்கம் நடத்தின பிரெஞ்சுப் பள்ளி. படிப்பிக்கிறதும் அவையள், படிக்கிறதுக்குக் காசு தாறதும் அவையள். ஒருத்தன் மொழி படிக்கச் சம்பளம் குடுத்ததை நான் அதுக்கு முதல் கண்டதில்லை. பேந்து ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில கோப்பை கழுவினன்.

1995 ஒக்டோபர் 30. கியூபெக் தனியாப் பிரியிறதோ எண்ட பொதுவாக்கெடுப்பு இரவு. குசினியில றேடியோ போட்டுக் கிடக்கு. சமையற்காரன் சகனேப் பக்கத்து ஆள், பெரிய உருப்படி, என்னோட அண்ணன் தம்பி மாதிரி. முதல் வந்த முடிவெல்லாம் 'ஆம்' பக்கம். மனுசன் சட்டியை அடுப்பில வச்சிட்டு ஆடுறான். பேந்து மொன்றியல் தீவின்ர கணக்கு வரத் தொடங்கிச்சு. மெல்ல மெல்ல இறங்கிச்சு. கடைசியில 'இல்லை' 50.58, 'ஆம்' 49.42. இடையில 54,288 வாக்கு. வாக்குப் போட்டது 93 வீதத்துக்கும் மேல.

அவன் நிலத்தில குந்தி இருந்து அழுதான். நான் 'இல்லை' எண்டு போட்டனான். சொல்லேல்லை. கையில சவர்க்கார நுரையோட நிண்டனான். அப்ப மாகாண முதலமைச்சர் ஜாக் பரிசோ பேசுறார், தோத்ததுக்குக் காரணம் காசும் இனக்குழு வாக்குகளும் எண்டு. சமையற்காரன் நிமிந்து என்னைப் பாத்தான். அரை நிமிசம் இருக்கும். பேந்து எழும்பி வந்து, கிண்டி வச்ச சூப்பில ஒரு கோப்பை எடுத்து எனக்கு முன்னால வச்சான். "அவர் அப்பிடிச் சொல்லியிருக்கப்படாது" எண்டு மட்டும் சொன்னான்.

பரிசோ அடுத்த நாளே பதவி விலகப் போறன் எண்டு அறிவிச்சிட்டார். அந்தக் கோப்பைச் சூப்பு இல்லாட்டி நானும் சிவாவோட சேந்து ரொறன்ரோவுக்கு 401 நெடுஞ்சாலையைப் பிடிச்சிருப்பன்.

ஸ்காபரோ சிவா – 18 ஏப்ரல் 2025

அண்ணை, சூப்புக் கதை நல்லது. ஆனால் மேடையில நிண்ட முதலமைச்சர் சொன்னதைக் குசினியில நிண்ட ஒருத்தன்ர நல்ல மனம் அழிக்காது. அந்த இரவு என்ர மனுசி "இவங்களும் எங்களை எண்ணிப் பாக்கத் தொடங்கிட்டாங்கள்" எண்டு சொன்னவ. எண்ணுறது எண்டால் என்ன எண்டு எங்களுக்குத் தெரியும்தானே, 83-இல வாக்காளர் இடாப்பை வச்சுக்கொண்டு எண்ணினவங்கள்.

நாங்கள் மட்டுமோ போனது? 1978-இல சன் லைஃப் காப்புறுதிக் கொம்பனியே தலைமையகத்தை ரொறன்ரோவுக்கு மாத்தப்போறம் எண்டு சொன்னது, 101-ஆம் சட்டம் வந்து ஆறு மாசத்துக்குள்ள. நாட்டின்ர முதல் நகரமா இருந்தது மொன்றியல். இப்ப ரொறன்ரோ. ஆர் கெடுத்தது?

நூற்றியொண்டு (மொன்றியல்) – 19 ஏப்ரல் 2025

பேரைப் பாத்தாலே விளங்கும், நான் 101-ஆம் சட்டத்துப் பிள்ளை. இங்க எங்களை அப்பிடித்தான் சொல்றவை. 1977 ஆகஸ்டில ரெனே லெவெக் அரசாங்கம் கொண்டு வந்த பிரெஞ்சு மொழிச் சாசனம். அதால வெளிநாட்டில இருந்து வந்தவையின்ர பிள்ளையளில பத்துக்கு ஒன்பது இப்ப பிரெஞ்சுப் பள்ளிக்கூடம்தான். எழுபதுகளின்ர தொடக்கத்தில நிலைமை தலைகீழ், இத்தாலியரும் கிரேக்கரும் அநேகமா இங்கிலீஷ் பக்கம்தான் போனவை. செயின்ட்-லெனாரில 1969-இல வீதியில கைகலப்பே நடந்தது, எந்தப் பள்ளிக்கூடம் எண்டு.

சிவா அண்ணா, உங்கட மகனுக்கு வழி காட்டின அந்தப் பள்ளிக்கூடம் மாதிரி ஒண்டிலதான் நான் இப்ப படிப்பிக்கிறன். 'அக்கேய்' வகுப்பு, புதுசா வந்த பிள்ளையளுக்கு. அதனால கொஞ்சம் நீட்டி எழுதப்போறன், மன்னிக்க வேணும்.

எட்டு வயசில எனக்குப் பிரெஞ்சு வந்திட்டுது. அம்மாவுக்கு வரேல்லை. வீட்டுக்கு வாற கடிதம் எல்லாம் நான்தான் வாசிச்சுச் சொல்றது. கரண்ட் பில், வாடகை, ஆஸ்பத்திரித் துண்டு. ஒருக்கா அம்மாவின்ர ரத்தப் பரிசோதனை முடிவை நான் வாசிச்சு, அதில இருந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் "ஒண்டும் இல்லையாம்" எண்டிட்டன். சீனி வருத்தம் எண்டது ஒரு வருசத்துக்குப் பிறகுதான் தெரிஞ்சது. அதால 96-ஆம் சட்டம் (2022), குடியேறி ஆறு மாசத்துக்குப் பிறகு வந்தேறு குடியளோட அரசாங்கம் பிரெஞ்சில மட்டும் தொடர்பு கொள்ளும் எண்டு சொன்னேக்க எனக்குக் கோபம் வந்தது. சுகாதாரத்துக்கும் பாதுகாப்புக்கும் விலக்கு இருக்கு எண்டினம். மற்றக் கடிதங்களை எட்டு வயசுப் பிள்ளை வாசிக்கட்டும் எண்டு நினைச்சிருக்கினம் போல. ஆறு மாசத்தில ஆருக்கு மொழி வரும்? என்ர வகுப்பில இருக்கிற பிள்ளையளுக்கே பத்து மாசம் வேணும், அதுகள் ஸ்பொஞ்ச் மாதிரி.

இனி மற்றப் பக்கம். என்னோட வேலை செய்யிற ஒரு ரீச்சரின்ர தகப்பன் துணி ஆலையில வேலை செய்தவர். மேற்பார்வை எல்லாம் இங்கிலீஷ்காரர். பிரெஞ்சில கேட்டால் "வெள்ளையில கதை" எண்டு பேச்சு விழுமாம். பிரெஞ்சும் வெள்ளைத்தோல்தானே எண்டு நான் கேட்டன். அவ சிரிச்சா. அறுபதுகளில மத்திய அரசாங்கத்தின்ர இருமொழி ஆணைக்குழு கணக்கெடுத்தேக்க, கியூபெக்கில பிரெஞ்சுக்காரரின்ர சராசரி வருமானம் பட்டியலின்ர அடியில கிடந்தது. அவையளுக்குக் கீழ இத்தாலியரும் பூர்வகுடிகளும்தான். தங்கட சொந்த மாகாணத்தில, தாங்கள் பெரும்பான்மையா இருக்கிற இடத்தில! மொன்றியலை ஆர் கெடுத்தது எண்டு கேக்கிறீங்கள். அந்த 'முதல் நகரம்' ஆருக்கு முதல் நகரமா இருந்தது எண்டும் கேக்க வேணும்.

விவாதத்தில கார்னி சொல் தேடேக்க இங்கத்தைச் சனம் பாக்கிறது இலக்கணத்தை இல்லை. 'மேலாளர்' திரும்பி வந்திட்டாரோ எண்டுதான் பாக்கினம்.

கத்தரிவெயில் – 19 ஏப்ரல் 2025

நூற்றியொண்டு அக்கா, பிரிண்ட் எடுத்து வச்சுக்கறேன்.

அப்போ இது நம்ம இந்தி எதிர்ப்பு மாதிரின்னு எடுத்துக்கலாமா? கியூபெக் = தமிழ்நாடு?

ஒட்டாவா குமாஸ்தா – 19 ஏப்ரல் 2025

பாதி. மொழி விழுங்கப்படும் என்ற பயம் ஒன்றுதான். ஆனால் தமிழ்நாட்டுக் கடைக்காரர் எந்த மொழியில் பெயர்ப்பலகை வைத்தாலும் எழுத்தின் அளவை அளக்கும் அளவுக்கு யாரும் தீவிரமாக வருவதில்லை. இங்கே வருகிறார்கள். பிரெஞ்சு மட்டும்தான் வெளிப்பலகையில் இருக்க வேண்டும் என்ற விதியை 1988-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒரு வாரத்துக்குள் முதல்வர் புராசா அரசியல் சாசனத்தின் 33-ஆம் பிரிவை எடுத்தார். அந்தப் பிரிவுப்படி, 'உரிமைச் சாசனம் என்ன சொன்னாலும் இந்தச் சட்டம் செல்லும்' என்று மாகாணச் சட்டமன்றம் ஐந்து வருடத்துக்கு அறிவிக்கலாம், பிறகு புதுப்பிக்கலாம். 1993-இல் விதி தளர்ந்து, மற்ற மொழி இருக்கலாம், பிரெஞ்சு கண்ணில் முதலில் அடிக்க வேண்டும் என்றானது. 2025 ஜூன் 1 முதல் அது இன்னும் இறுகுகிறது. 21, 96 இரண்டு சட்டங்களுக்கும் முன்கூட்டியே 33-ஐப் போட்டுக் கவசம் மாட்டிவிட்டார்கள். வழக்குக்கு முன்பே தீர்ப்பை மறுப்பது.

மத்தியத் தேர்தலில் இதுதான் சூடான கட்டை. எந்தக் கட்சித் தலைவரும் கையால் தொட மாட்டார். ஒன்டாரியோவில் கேட்டால் ஒரு முகம், கியூபெக்கில் கேட்டால் ஒரு முகம்.

ஸ்காபரோ சிவா – 19 ஏப்ரல் 2025

தமிழ்நாடு என்னத்துக்கு, பக்கத்தில இலங்கையைப் பாருங்கோ. 1956, தனிச் சிங்களச் சட்டம். ஒரு மொழி மட்டும். இவையள் செய்ததும் அதுதான். தமிழர் நாங்கள் 101-ஐ நியாயப்படுத்தினால் பண்டாரநாயக்காவுக்கு என்ன பதில்?

வேலணையான் – 20 ஏப்ரல் 2025

சிவா, இந்தக் கேள்வி என்னட்டை முப்பது வருசமாக் கிடக்கு. நித்திரை வராத நேரத்தில எடுத்துப் பாக்கிறது.

வித்தியாசம் சொல்றன். கியூபெக் சட்டமன்றத்திலயும் நீதிமன்றத்திலயும் இங்கிலீஷ் கதைக்கலாம், 1867 அரசியல் சட்டத்தின்ர 133-ஆம் பிரிவு. இங்கிலீஷ்காரருக்குப் பள்ளிக்கூடம் இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு, மக்கில் பல்கலைக்கழகம் இருக்கு. எங்களுக்கு 56-இல என்ன மிஞ்சினது? நீதிமன்றத்தின்ர தீர்ப்பைத் தாண்டவே ஐந்து வருசத்துக்கு ஒருக்கா வெட்கமில்லாமல் வெளிப்படையா வாக்குப் போடவேண்டிக் கிடக்கு இவையளுக்கு. 101-ஐ எதிர்த்தவைக்கு எதிரா இனக்கலவரம் ஒண்டும் நடக்கேல்லை. (1970-இல எஃப்.எல்.கியூ. (கியூபெக் விடுதலை முன்னணி) காரர் அமைச்சர் பியேர் லப்போர்த்தைக் கொலை செய்தவங்கள், அதை மறைக்கேல்லை. ஆனால் அந்தப் பாதையைக் கியூபெக் சனமே கைவிட்டது.)

நெஞ்சைக் கரிக்கிற இடம் வேற. "இந்தக் கண்டம் முழுக்க இங்கிலீஷ் கடல், அதுக்குள்ள நாங்கள் சின்னத் தீவு" எண்டு இவையள் சொல்றது உண்மை. அதே வசனத்தைத்தான் சிங்களவரும் சொன்னவை, தமிழ்நாட்டைக் காட்டி. பெரும்பான்மைக்குச் சிறுபான்மைப் பயம் வந்தால் அது எங்க போய் நிக்கும் எண்டது எனக்குத் தெரியும். ஆனபடியால் நான் இவையின்ர பயத்தை நம்பிறன், சட்டத்தைச் சந்தேகத்தோட பாக்கிறன். இரண்டும் ஒரே தலைக்குள்ளதான் இருக்கு.

நெறியாளர் – 20 ஏப்ரல் 2025

1956 பற்றித் தனி இழை இருக்கிறது. இங்கே கனடாவோடு நிற்போம். இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன.

கத்தரிவெயில் – 20 ஏப்ரல் 2025

நெறியாளர் விரட்டறதுக்குள்ள ஒரு கேள்வி. 21-ஆம் சட்டம்னா எது?

நூற்றியொண்டு – 20 ஏப்ரல் 2025

2019. ரீச்சர், பொலிஸ், அரச வழக்கறிஞர் மாதிரி வேலையில இருக்கிறவை மத அடையாளம் அணியப்படாது. முதலே வேலையில இருந்தவைக்கு விலக்கு. என்னோட பயிற்சி எடுத்த ஒருத்தி ஹிஜாப் போடுறவள், நல்ல பிரெஞ்சு, என்னைவிட வடிவாக் கதைப்பாள். இப்ப ஒன்டாரியோவில படிப்பிக்கிறாள். பிரெஞ்சைக் காப்பாத்த நல்ல பிரெஞ்சு ரீச்சரை அனுப்பி விட்டாச்சு.

ஆனால் 2021 இங்கிலீஷ் விவாதத்தில நடுவர் ஷாச்சி கேர்ல் பிளான்ஷேயிட்ட, "இனவாதம் இல்லை எண்டு சொல்றீங்கள், ஏன் இந்தப் பாகுபாடான சட்டங்களுக்கு ஆதரவு" எண்ட மாதிரிக் கேட்டா. எனக்கும் அந்தச் சட்டம் பிடியாது. எண்டாலும் அந்தக் கேள்வியைக் கேட்டேக்க எனக்கே சுருக்கெண்டது. எங்கட வீட்டுச் சண்டையை அயல் வீட்டுக்காரி வேலிக்கு மேலால எட்டிப் பாத்து விசாரிச்ச மாதிரி. தேர்தல் முடிவில ப்ளாக்குக்கு 32 இடம். பிளான்ஷே அந்த நடுவருக்குப் பூங்கொத்து அனுப்பியிருக்க வேணும்.

ஸ்காபரோ சிவா – 25 ஏப்ரல் 2025

இழையைத் தூசு தட்டுறன். மொன்றியல் பஸ்ஸில ஹாக்கி அணிக்கு (கனேடியன்ஸ், செல்லப்பேர் ஹாப்ஸ்) "கோ கனேடியன்ஸ் கோ" எண்டு ஓடிக்கொண்டிருந்ததை "அல்லே கனேடியன்ஸ் அல்லே" எண்டு மாத்திப்போட்டினமாம், மொழி அலுவலகத்துக்கு முறைப்பாடு போனபடியால். 'கோ' எண்டது இங்கிலீஷாம். அண்ணை, தங்கச்சி, இதுக்கும் வரலாற்றுக் காரணம் இருக்கோ? 😂

வேலணையான் – 25 ஏப்ரல் 2025

இல்லை. இது விசர்.

நூற்றியொண்டு – 25 ஏப்ரல் 2025

இது விசர்தான் எண்டு பிரெஞ்சுக்காரரே சொல்லினம். மொழி அமைச்சரே 'கோ' எங்கட பாரம்பரியத்தில சேர்ந்தது எண்டு தலையிட வேண்டி வந்திட்டுது. என்ர வகுப்பில இருக்கிற சிரியப் பெடியன் 'கோ ஹாப்ஸ் கோ' எண்டு பிரெஞ்சு உச்சரிப்பிலதான் கத்துறான், அவனுக்கு அது இங்கிலீஷ் எண்டே தெரியாது. 2013-இல ஒரு இத்தாலியக் கடையின்ர உணவுப் பட்டியலில 'பாஸ்தா' எண்டு இருக்கிறது பிழை எண்டு கடிதம் போட்டு உலகமே சிரிச்சது. 2017-இல கடையில "போன்ஜூர்-ஹாய்" எண்டு வரவேற்கிறதை விட்டுப்போட்டு "போன்ஜூர்" மட்டும் சொல்லச் சொல்லிச் சட்டமன்றம் ஏகமனதாத் தீர்மானம். இந்தச் சின்னத்தனங்கள்தான் வெளியில செய்தியாகுது. அக்கேய் வகுப்புக்குக் காசு வெட்டினால் ஆரும் எழுதமாட்டினம்.

ஒட்டாவா குமாஸ்தா – 26 ஏப்ரல் 2025

பிளான்ஷே நேற்று பேசியதைக் கவனித்தீர்களா? கனடா ஒரு செயற்கை நாடு, பெரிய அர்த்தம் இல்லாதது என்கிற மாதிரி. அவர் கட்சிக்கு இது வழக்கமான பேச்சு. ஆனால் ட்ரம்ப் '51-ஆவது மாநிலம்' என்று பாடிக்கொண்டிருக்கும் நேரத்தில், வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்னால்? வாஷிங்டனில் இருக்கிறவர் சொல்வதும் இதுதானே. பிரெஞ்சு விழுங்கப்படும் என்று பயப்படுகிறவர்களுக்கு இப்போது ஒட்டாவாவைவிடப் பெரிய வாய் ஒன்று தெரிகிறது. கார்னியின் பிரெஞ்சு சுமார்தான், ஆனால் மக்கள் இந்தத் தடவை மொழி ஆசிரியரைத் தேடவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பார்ப்போம்.

கத்தரிவெயில் கேட்டது மறந்துவிடாமல் இருக்க, அரசு வேலையில் இது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசுப் பணியில் இரண்டாம் மொழிக்கு வாசிப்பு, எழுத்து, பேச்சு என்று மூன்று தேர்வு, ஒவ்வொன்றுக்கும் ஏ, பி, சி தரம். இருமொழிப் பகுதிகளில் மேற்பார்வைப் பதவிக்கு 2025 ஜூனிலிருந்து சி-பி-சி வேண்டும். நான் பேச்சுத் தேர்வில் மூன்று தடவை 'பி'யில் நின்றவன். தேர்வாளர் "உங்கள் வார இறுதி எப்படி இருந்திருக்கும், மழை பெய்திருக்காவிட்டால்?" என்று கேட்டார். தமிழில் கேட்டாலே யோசிப்பேன். எல்லாம் தேறினால் இருமொழிப் படி வருடத்துக்கு 800 டாலர். 1977-இலிருந்து அதே 800. அந்த வருடம் அது ஒரு தொகை. இப்போது இரண்டு பனிக்கால டயர்.

தேர்வு எல்லோருக்கும் ஒன்றுபோல இல்லை என்பதுதான் உறுத்தல். 2021-இல் ஆளுநர் நாயகமாக நியமிக்கப்பட்ட பூர்வகுடிப் பெண் மேரி சைமன் தன் மொழியான இனுக்டிடுட்டும் ஆங்கிலமும் பேசுவார், நியமனத்தின்போது பிரெஞ்சு தெரியாது. அப்போது மொழி ஆணையருக்கு ஆயிரத்துக்கு மேல் புகார். சைமன் சிறுமியாகப் படித்த அரசுப் பள்ளியில் பிரெஞ்சு கற்கும் வாய்ப்பே தரவில்லை, அதுவும் கியூபெக்கின் வடக்கில். இரண்டு குடியேற்ற மொழிகள் யார் பெரியவர் என்று சண்டை போடும் வீட்டில், முதலில் இருந்தவரிடம் 'உனக்கு ஏன் இரண்டாவது மொழி தெரியவில்லை' என்று கேட்கிறோம்.

கத்தரிவெயில் – 29 ஏப்ரல் 2025

முடிவு வந்தாச்சு! லிபரல் பெரும்பான்மைக்கு மயிரிழை தூரத்துல. பழமைவாதக் கட்சித் தலைவர் பொய்லிவ்ர் தன் தொகுதியிலேயே தோத்துட்டார். கியூபெக்ல ப்ளாக் 32-லேர்ந்து இருபது சொச்சத்துக்கு வந்துடுச்சு. பிரெஞ்சு பரீட்சைல பொய்லிவ்ர்தான நல்ல மார்க்? ஆல்பர்ட்டா ஆள், ஆனா சரளமா பேசினாரே.

வேலணையான் – 29 ஏப்ரல் 2025

அதுதான் தம்பி கூத்து. வடிவாக் கதைச்சவரை விட்டிட்டுத் திக்கினவருக்குப் போட்டினம். என்ர பக்கத்து வீட்டுக் கிழவி, ஆயுசு முழுக்க ப்ளாக், 95-இல 'ஆம்' பலகை முத்தத்தில நட்டவ. நேற்று வாக்குச்சாவடியில கண்டனான். "இந்தமுறை மட்டும்" எண்டு விரலைக் காட்டினா. கோவிச்சுக்கொண்டு மகள் வீட்டுக்குப் போற மாதிரி.

ஸ்காபரோ சிவா – 29 ஏப்ரல் 2025

நான் ஒண்டு ஒத்துக்கொள்ளுறன். கியூபெக் இல்லாட்டி நேற்று இரவு முடிவு வேற மாதிரி வந்திருக்கும். ஒன்டாரியோவில எங்கட பக்கத்துச் சனம் கனக்க நீலத்துக்கு, பொய்லிவ்ரின்ர கட்சிக்குத்தான் போட்டது. ட்ரம்பை எதிர்த்து 'முழங்கையை உயர்த்துவம்' எண்டு கொடி பிடிச்சது நாங்கள், வாக்குப் போட்டுக் காப்பாத்தினது 'நாடே வேண்டாம்' எண்ட சனம். அண்ணை, சிரிக்காதேங்கோ.

ஒட்டாவா குமாஸ்தா – 11 மே 2025

தெர்போன் தொகுதி. மொன்றியலுக்கு வடக்கே. தேர்தல் இரவில் லிபரல் 35 வாக்கில் முன்னணி. சரிபார்த்தபோது ப்ளாக் 44 வாக்கில் முன்னணி. நேற்று நீதிபதி முன்னிலையில் மறு எண்ணிக்கை முடிந்தது. லிபரல் வெற்றி, வித்தியாசம் 1. ஒன்று!

ப்ளாக்குக்கு இந்தத் தேர்தலில் 22 இடம். என்.டி.பி.க்கு (புதிய ஜனநாயகக் கட்சி) 7. இரண்டு கட்சிக்கும் நாடளாவிய வாக்கு ஏறக்குறைய ஒன்றுதான், 6.3 சதவீதம். 1993 பற்றி நான் மேலே எழுதியது ஞாபகம் இருக்கிறதா?

நூற்றியொண்டு – 15 மே 2025

அந்தத் தொகுதியில ஒரு அம்மா ப்ளாக்குக்குத் தபாலில வாக்குப் போட்டிருக்கிறா. கடித உறையில தேர்தல் திணைக்களமே அச்சடிச்ச தபால் குறியீடு பிழை. கடிதம் அவவின்ர வீட்டுக்கே திரும்பி வந்திட்டுது. ப்ளாக் வழக்குப் போடப்போகுதாம். எத்தினை வருசம் மொழிக்காகச் சண்டை, கடைசியில ஒரு தபால் குறியீட்டில வந்து நிக்குது. அதுக்கு இங்கிலீஷும் இல்லை, பிரெஞ்சும் இல்லை.

கத்தரிவெயில் – 15 மே 2025

இழையை ஆரம்பிச்சவன்ங்கற முறைல ஒரு தகவல். பி.ஆர்.க்கு ஆள் எடுக்கற எக்ஸ்பிரஸ் என்ட்ரில பிரெஞ்சு தெரிஞ்சவங்களுக்குத் தனிச் சுற்று வைக்கறாங்க, கட்-ஆஃப் மத்ததைவிட ரொம்பக் கீழ. அதுவும் கியூபெக்குக்கு வெளிய குடியேறறவங்களுக்கு! சிவா அண்ணா ஸ்காபரோல பால் பெட்டில மட்டும் பார்க்கற மொழியைப் படிச்சாத்தான் எனக்கு ஸ்காபரோ கிடைக்கும் போல. நுங்கம்பாக்கம் அலியான்ஸ் ஃபிரான்சேஸ்ல நேத்து பணம் கட்டிட்டேன். முதல் வகுப்பு திங்கள்.

ஸ்காபரோ சிவா – 15 மே 2025

வா தம்பி. வந்து என்ர பேத்திக்குப் படிப்பி. மகன் அவளைப் பாடங்களைப் பிரெஞ்சிலயே படிப்பிக்கிற இம்மர்ஷன் வகுப்பில சேத்திருக்கிறான். கோட்-டே-நேஜில நான் அழுதழுது சேத்துவிட்ட அதே மகன்.

நூற்றியொண்டு – 15 மே 2025

சிவா அண்ணா!! இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே!

கத்தரிவெயில், அங்க படிப்பிக்கிறது பாரிஸ் பிரெஞ்சு. மொன்றியலுக்கு வந்தால் மூலைக்கடையை 'டெப்பனர்' எண்டு கேட்டுப் பழகுங்கோ. இல்லாட்டிப் பால் வாங்கேலாது.